திருக்கடையூரில் மணிவிழா முடிந்தபின் நான்கு மணி நேரம்: குழந்தைகளோடு தரங்கம்பாடி போகலாமா?

பொன்வண்டு:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமனாருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். காலையிலேயே முகூர்த்தம். கலச நீர் ஊற்றி, ஆசி வாங்கி, சாப்பாடு முடிய ஒரு மணியாகிவிடும் என்கிறார்கள். அன்று இரவே மயிலாடுதுறையில் ரயில் ஏற வேண்டும். பெரியவர்கள் மண்டபத்தில் கொஞ்சம் சாய்ந்து எழுந்திருப்பார்கள். அந்த நேரத்தில், அதாவது இரண்டிலிருந்து ஆறு மணி வரை, நானும் கணவரும் குழந்தைகளை எங்காவது அழைத்துப் போகலாம் என்று பார்க்கிறோம்.

மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. நாத்தனாரின் மூன்று வயதுக் குட்டியும் எங்களோடுதான் வருவாள்.

மகளின் பாடப் புத்தகத்தில் டேனியர்கள், அதாவது டென்மார்க்காரர்கள், தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள் என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. "அவ்வளவுதானா அம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் அந்த ஊர்மேல் ஆசை. கோட்டை, இரண்டு தேவாலயம், அருங்காட்சியகம், கடலோரச் சிவன் கோயில், இத்தனையும் நான்கு மணி நேரத்தில் முடியுமா? அல்லது பூம்புகார் நல்லதா? வெயில் வேறு பயமாக இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தேர்ச்சக்கரம்:

கார் இருக்கிறதா? இருந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம். திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி தெற்கே ஏழெட்டு கிலோமீட்டர்தான், பூம்புகார் வடக்கே. முதலில் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம், அங்கிருந்து நேராகத் தரங்கம்பாடிக் கோட்டை, திரும்பும் வழியில் தில்லையாடி வள்ளியம்மை நினைவு மண்டபம். நாங்கள் இப்படித்தான் செய்தோம். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறோம், எதையும் விடக் கூடாது என்பது என் எண்ணம். பிள்ளைகள் இன்னொரு முறை அந்தப் பக்கம் எப்போது வரப்போகிறார்கள்?

உப்புக்காற்று:

நான் பொறையாறு பக்கம் நெடுநாள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன். பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனது எத்தனை முறை என்று எனக்கே கணக்கில்லை. தேர்ச்சக்கரம் தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். கூட மூன்று வயதுக் குழந்தை இருக்கும்போது மூன்று ஊர் என்றால் நான்கு மணி நேரத்தில் பாதி வண்டியில் போய்விடும். ஏற்றி இறக்கி, செருப்பு மாட்டி, தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த இடம் வந்துவிடும். பெரியவர்களுக்குப் பார்த்தோம் என்ற கணக்கு மிஞ்சும், பிள்ளைகளுக்கு வண்டியின் ஜன்னல்தான் மிஞ்சும். பூம்புகாரை இன்னொரு முறைக்கு வையுங்கள் அம்மா. அது ஒரு முழு நாள் கேட்கும் இடம்.

தரங்கம்பாடிக்கு மட்டும் என்றால் நான்கு மணி நேரம் தாராளம். காரணம், பார்க்க வேண்டியது எல்லாம் ஏறக்குறைய ஒரே தெருவில் இருக்கிறது. ஊர் வாசலில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கும். 1792இல் டேனியர்கள் கட்டிய நகர வாசல். இன்றும் வண்டி எல்லாம் அதற்குள் நுழைந்துதான் போகும். அங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். காரை ஓட்டுநர் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தட்டும். நீங்கள் ராஜ வீதியில் கிழக்கே நடந்தால் கடைசியில் கடல். சாதாரண நடையில் பத்து நிமிடம், குழந்தை நடையில் கால் மணியோ இருபது நிமிடமோ. பிற்பகலில் போவதால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கண்ணில் அடிக்காது.

வழியிலேயே இரண்டு தேவாலயங்களும் வந்துவிடும். சீயோன் தேவாலயம் 1701இல் டேனியர்கள் தங்களுக்காகக் கட்டியது. புதிய எருசலேம் தேவாலயம் 1718இல், ஊர் மக்களுக்காக எழுந்தது. அதன் முகப்பில் டென்மார்க் அரசரின் முத்திரையும் மேலே கிரீடமும் இருக்கும். ஆறு வயதுக்காரனிடம் "கிரீடம் எங்கே, கண்டுபிடி" என்று சொல்லிவிடுங்கள். அவனாகவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடப்பான்.

வரிசையாக எல்லாவற்றையும் விளக்க வேண்டாம். நான் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆளின் கதையைத்தான் சொல்வேன். ஊர் முழுக்க அந்தக் கதை கூடவே வரும்.

1706 ஜூலையில் பர்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர் கப்பலில் வந்து இங்கே இறங்கினார். டேனிய அரசர் அனுப்பிய மதபோதகர். வயது இருபத்து நான்குகூட நிறையவில்லை. ஒரு சொல் தமிழ் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். பிற்பாடு தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்துப் பட்டியல் எழுதினார். பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார். அச்சுக்கூடம் வைத்தார், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719இல் 36 வயதில் இறந்துபோனார். அவரை அடக்கம் செய்திருப்பது அந்தப் புதிய எருசலேம் தேவாலயத்துக்குள்ளேதான்.

பத்து வயதுப் பெண்ணுக்கு இதில் எந்த இடம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வளர்ந்த ஒரு மனிதர் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து 'அ' எழுதத் தடுமாறும் இடம். என் மாணவர்கள் எல்லோரும் அங்கேதான் சிரிப்பார்கள். அப்புறம் அமைதியாகிவிடுவார்கள்.

பொன்வண்டு:

ஐயா, படித்து முடித்ததும் மகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "அவருக்கு ழ வந்ததா?" என்பதுதான் முதல் கேள்வி. மிக்க நன்றி. பூம்புகாரை விட்டுவிடுகிறோம்.

கோட்டைக்குள் எவ்வளவு நேரம் வைக்கலாம்? அருங்காட்சியகம் என்றாலே என் மகன் ஓடிவிடுவான்.

காவிரிக்கரை:

ஒரு சின்னத் திருத்தம், ஐயா மன்னிக்க வேண்டும். உங்கள் பதிவில் தவறு இல்லை, ஆனால் இந்தக் கதையைக் கேட்கும் பிள்ளைகள் முதல் தமிழ் அச்சுப் புத்தகமே தரங்கம்பாடியில்தான் வந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். பல பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இலேயே கொல்லத்தில் வந்துவிட்டது. போர்ச்சுகீசியர் காலம், என்றிக்கே என்றிக்கசு பாதிரியார் செய்தது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்தன, காகிதம் ஏகமாகச் செலவாயிற்று. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். ஒரு சின்னக் கடற்கரை ஊர் தனக்கு வேண்டிய எழுத்தையும் காகிதத்தையும் தானே செய்துகொள்ளப் பார்த்தது. முதலாவது என்ற பட்டத்தைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

உப்புக்காற்று:

நல்லது தம்பி. நான் 1578ஐயும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பொன்வண்டு அம்மா, கோட்டைக்கு முக்கால் மணி நேரம் போதும். உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் சிறியது. டேனியர் காலப் பீங்கான்கள், வாள், ஈட்டி, சிறிய பீரங்கிக் குண்டுகள், திமிங்கலத்தின் எலும்புக்கூட்டில் ஒரு பகுதி எல்லாம் உண்டு. உங்கள் மகனிடம் பீங்கானைக் காட்டாதீர்கள். நேரே திமிங்கல எலும்புக்குக் கூட்டிப் போங்கள். மீதியைத் திரும்பும்போது அவனே பார்ப்பான்.

கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும் இருந்தன, மேல்தளத்தில் ஆளுநரின் குடியிருப்பு. சீகன்பால்குவைச் சுமார் நான்கு மாதம் இந்தக் கோட்டையில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். அடைத்தது வேறு யாருமில்லை, இங்கே இருந்த டேனியத் தளபதியேதான். தன் அரசர் அனுப்பிய ஆளையே ஏன் சிறையில் போட்டார்கள் என்று மகள் கேட்பாள். வியாபாரம் செய்ய வந்தவர்களுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை, ஊர் மக்கள் பக்கம் அவர் பேசியது தளபதிக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அந்த வயதுக்கு அது புரியும்.

இன்னொன்று. கோட்டையின் கடல் பக்கச் சுவர் பிற்பகலில் நிழல் தரும். நான்கு மணிக்கு மேல் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் காற்றும் நிழலும் சேர்ந்து கிடைக்கும். சின்னவளுக்கு அங்கேயே ஒரு துணியை விரித்துவிடலாம்.

நெய்தல்நிலம்:

நான் கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்கிறேன். குழந்தைகளிடம் இந்தக் கோட்டையை என்னவென்று சொல்வது? அந்நியர் நம் கரையில் கட்டிய கோட்டை. அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். என் மகன் எட்டு வயதில் அங்கே நின்று, "நம்ம ராஜா ஏன் இடம் கொடுத்தார்?" என்று கேட்டான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

காவிரிக்கரை:

நல்ல கேள்வி. உங்கள் மகன் கேட்டதற்குப் பதில் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லலாம்.

1620இல் ஓவே கெட்டே என்ற டேனியக் கப்பல் தலைவர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்தார். டேனியர்களுக்கு வேண்டியது மிளகு. நாயக்கருக்கு வேண்டியது கடல் வணிகமும் வருமானமும். போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஏற்கெனவே இந்தக் கடலில் சுற்றிக்கொண்டிருந்தார்கள், இன்னொருவரையும் உள்ளே விட்டால் பேரம் பேசலாம். நிலத்தை ஓர் ஆண்டுக் கப்பத்துக்குத்தான் கொடுத்தார், தூக்கிக் கொடுத்துவிடவில்லை. டேனிய அரசருக்கு நாயக்கர் அனுப்பிய கடிதம் தங்கத் தகட்டில் தமிழில் எழுதியது. இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டேகால் நூற்றாண்டு கழித்து, 1845இல், டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். நான் என் பெண்ணிடம் இந்த இடத்தில் ஒன்று கேட்டேன். "ஊரை விற்கும்போது ஊரில் இருந்தவர்களை யாராவது கேட்டிருப்பார்களா?" அவள் நெடுநேரம் பேசவில்லை. கோட்டை அழகாக இருக்கட்டும், அந்தக் கேள்வியும் கூடவே இருக்கட்டும்.

நெய்தல்நிலம்:

நன்றி. இதை இன்று இரவே அவனிடம் சொல்கிறேன். இப்போது அவனுக்குப் பதினொன்று.

தேர்ச்சக்கரம்:

சரி, பூம்புகாரை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் தில்லையாடிக்காக மறுபடி பேசுவேன். தரங்கம்பாடியிலிருந்து சில கிலோமீட்டர்தான், தனியாக ஒரு பயணம் வேண்டியதில்லை. வள்ளியம்மை தென்னாப்பிரிக்காவில் பிறந்து, காந்தி நடத்திய போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்த பெண். வயது பதினாறு. பத்து வயதுப் பெண் குழந்தைக்கு இதைவிட நெருக்கமான வரலாறு உண்டா? நான் என் மகளை அங்கே நிறுத்தியபோது, "என்னைவிட நாலு வயசுதான் பெரியவங்க" என்றாள்.

பொன்வண்டு:

அண்ணா, இதை விட மனம் வரவில்லை. போகும்போதா, வரும்போதா?

உப்புக்காற்று:

தம்பி சொல்வது நியாயம். அங்கே கால் மணி நேரம் போதும். திருக்கடையூரிலிருந்து புறப்பட்டதும் முதலில் அங்கே போய்விடுங்கள், அப்போதுதான் பிள்ளைகள் களைப்பில்லாமல் இருப்பார்கள். கடலைப் பார்த்தபின் வேறு எதையும் பார்க்கச் சொன்னால் கேட்க மாட்டார்கள். கடல் கடைசியில்தான் வர வேண்டும்.

ஞாயிறு என்பதால் இரண்டு செய்தி. காலை ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தைப் பூட்டிவிடுவது உண்டு, பிற்பகலில் திறந்திருக்கும் என்று நிச்சயம் சொல்ல முடியாது. பக்கத்தில் விசாரித்தால் சில சமயம் திறந்து காட்டுவார்கள். கோட்டையை மாலையில் மூடிவிடுவார்கள், அதனால் நாலரைக்குள் உள்ளே போய்விடுங்கள். வேறு நாளில் வருகிறவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன், அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை எந்த நாள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாசிலாமணிநாதர் கோயிலைக் கோட்டையிலிருந்தே பார்க்கலாம், வடக்கே கரையோரம். குலசேகர பாண்டியன் காலத்தது, எழுநூறு ஆண்டு ஆயிற்று. முன்பக்கம் எல்லாம் கடல் தின்றுவிட்டது. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்று இருக்கிறது. தரங்கம்பாடி என்றால் அலை பாடும் ஊர் என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்க இனிமைதான். ஆனால் பாடி என்றால் குடியிருப்பு, வாணியம்பாடி, காட்பாடி மாதிரி. தரங்கம் அலை. அலையோரக் குடியிருப்பு என்று சொல்லிக்கொடுங்கள், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

கரையில் கருங்கல் கொட்டி வைத்திருக்கும் பக்கம் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். பாசி பிடித்து வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும். அலையும் இழுக்கும். மணல் இருக்கும் இடத்தில் உட்காரலாம், தண்ணீரில் இறங்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் இந்தக் கரை எத்தனை பேரை இழந்தது என்று பக்கத்து மீனவக் குடும்பங்களுக்குத் தெரியும். அங்கே யாராவது பேச்சுக் கொடுத்தால் பிள்ளைகளை அமைதியாகக் கேட்க வையுங்கள். நீங்களாகத் தூண்டிக் கேட்க வேண்டாம்.

அகல்விளக்கு:

வெயிலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு ராஜ வீதியில் நடக்க வைத்தால் சின்னக் குழந்தை தாங்காது. தில்லையாடி முடித்துவிட்டு மூன்றரைக்கு வாசல் வளைவில் இறங்கினால் சரியாக இருக்கும். விசேஷச் சாப்பாடு சாப்பிட்ட வயிறு வேறு. மூன்று வயதுக் குழந்தை வண்டியில் கட்டாயம் தூங்கும், தூங்கட்டும், எழுப்பாதீர்கள். உங்களில் ஒருவர் அவளோடு இருக்க, மற்றவர் பெரிய பிள்ளைகளோடு நடக்கலாம். பட்டுப் பாவாடையை மாற்றிப் பருத்தி உடை போட்டுவிடுங்கள். இது என் பேத்தி அழுதபின் நான் கற்றுக்கொண்டது.

பொன்வண்டு: (ஐந்து வாரத்துக்குப் பிறகு)

போய் வந்துவிட்டோம். நல்லபடியாக மணிவிழா முடிந்தது. உங்களுக்கெல்லாம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாப்பாட்டுப் பந்தி தாமதமாகி, நாங்கள் கிளம்பியபோதே மணி இரண்டே முக்கால். தில்லையாடியில் பத்து நிமிடம்தான் நின்றோம். தேர்ச்சக்கரம் அண்ணா, மகள் அங்கே ஒன்றும் பேசவில்லை. ரயிலில் மேல் படுக்கையில் ஏறிப் படுத்த பிறகு, "பதினாறு வயசுல ஜெயிலுக்குப் போனா அவங்க அம்மா விட்டாங்களா?" என்று கேட்டாள். அவருடைய அம்மாவும் கூடவே சிறைக்குப் போனார் என்று சொன்னேன். நல்ல வேளையாக முன்பே படித்து வைத்திருந்தேன்.

அகல்விளக்கு அம்மா, நீங்கள் சொன்னபடியே சின்னவள் தூங்கிவிட்டாள். கணவர் அவளோடு காரில் இருந்தார். நாங்கள் மூவர் மட்டும் வாசல் வளைவில் இறங்கி நடந்தோம். வழியில் ஒரு தேவாலயம் பூட்டியிருந்தது, விசாரிக்க ஆளும் அகப்படவில்லை. வெளியிலிருந்தே கிரீடத்தைத் தேடினோம். மகன்தான் முதலில் பார்த்தான். பார்த்துவிட்டு, "ராஜா உள்ளே இருக்காரா?" என்று கேட்டான். ராஜா இல்லை, மணலில் எழுதப் படித்த அந்த மாமா உள்ளே உறங்குகிறார் என்றேன். கதவருகே கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் நின்றான்.

கோட்டைக்குள் நாலே காலுக்குப் போனோம். ஐயா சொன்னபடி நேரே திமிங்கல எலும்பு. பிறகு பீரங்கிக் குண்டு. பீங்கானை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மகள்தான் ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். கீழே இருட்டான அறைகளில் நின்று, சீகன்பால்குவை எந்த அறையில் வைத்திருப்பார்கள் என்று இருவரும் சண்டை போட்டார்கள்.

அப்புறம் கடல் பக்கம். கணவர் சின்னவளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். சுவரின் நிழலைத் தாண்டி மணலில் உட்கார்ந்தோம். யாரும் சொல்லாமலே மகள் விரலால் 'அ' எழுதினாள். சின்னவளின் கையைப் பிடித்து அதன்மேலேயே எழுத வைத்தாள். அவளுக்கு இன்னும் எழுத்துத் தொடங்கவில்லை, விஜயதசமிக்குத்தான் தொடங்குவதாக இருந்தார்கள். நாத்தனாரிடம் படத்தைக் காட்டினேன், அழுதுவிட்டாள். ஐந்தே முக்கால் வரை அங்கேயேதான் இருந்தோம். மாசிலாமணிநாதரைத் தூரத்திலிருந்து கும்பிட்டதோடு சரி. சீகன்பால்கு வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருப்பது அட்மிரல் தெருவில் என்றார்கள், அதற்கு நேரமில்லை.

உப்புக்காற்று:

இதைவிட எனக்கு என்ன வேண்டும் அம்மா. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

அந்த வீட்டையும் கோயிலையும் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது காலையில் வாருங்கள், சூரியன் கடலிலிருந்து எழுந்து கோட்டையின் முகத்தில் விழும். பாப்பா கேட்டாளே, ழ வந்ததா என்று? அவர் தமிழிலேயே பிரசங்கம் செய்தார், தமிழிலேயே எழுதினார். வராமலா இருந்திருக்கும் என்று சொல்லுங்கள்.

பொன்வண்டு:

சொல்லிவிட்டேன் ஐயா. "அப்போ தம்பிக்கும் வந்துடும்" என்றாள். இவன் இன்னும் வாயைப்பயம் என்றுதான் சொல்கிறான்.